குன்னூர் வீடுகளில் ஓயாது ஒழுகும் ஃப்ளஷ் தொட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கிவிட்டால் ரேலியா அணையில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்ற செய்தியைத்தான் குன்னூர்க்காரர்களாகிய நாங்கள் தங்கள் நாளிதழில் முதலில் தேடுகிறோம். அணையைத் தூர்வார வேண்டும், சாலையோரம் உடைந்து கிடக்கும் குழாயை அடைக்க வேண்டும் என்று வாசகர் கடிதங்களும் வருகின்றன. அவை வர வேண்டியவையே. அந்த நீர் வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி எழுத எனக்குச் சிறிது இடம் தர வேண்டுகிறேன். கதவு சாத்திய கழிப்பறைக்குள், யார் கண்ணிலும் படாமல், ஃப்ளஷ் தொட்டியிலிருந்து கோப்பைக்குள் இரவும் பகலும் தண்ணீர் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் சரிவில் மட்டுமே பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். சமையலறைக் குழாய் சொட்டினால் அன்றே ஆள் தேடுகிற நாம், ஃப்ளஷ் பழுதானால் அதை வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்படுகிறோம். விருந்தினர் வந்தால் "ஃப்ளஷ் வேலை செய்யாது, வாளியில ஊத்திடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அந்த வாளியையே ஆண்டுக்கணக்கில் பழக்கமாக்கிக்கொள்கிறோம்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்தில், நள்ளிரவில் எங்கள் கழிப்பறையிலிருந்து 'சர்ர்' என்று ஓர் ஓசை வருவதும், அரை நிமிடத்தில் நிற்பதும், கால் மணி நேரம் கழித்து மறுபடி வருவதுமாக இருந்தது. யாரும் பயன்படுத்தாத தொட்டி தானாக நிரம்புகிறது என்றால், அது தானாகக் காலியாகவும் செய்கிறது என்பதுதானே பொருள்? பிளம்பருக்குச் சொல்லி அனுப்பினேன். விடுதிகளில் வேலை குவிந்திருந்ததால் அவர் வருவதற்குப் பதினொரு நாள் ஆயிற்று. காத்திருந்த நாட்களில் பழைய தொழில் புத்தியில் ஒரு காரியம் செய்தேன். தொட்டிக்கு நீர் வரும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, தொட்டியின் உட்சுவரில் நீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நீர் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தொட்டியின் உள்நீளம் 36 சென்டிமீட்டர், அகலம் 14; பெருக்கினால் ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் மணிக்கு ஒன்றரை லிட்டர், நாளொன்றுக்கு 36 லிட்டர். பதினொரு நாளில் ஏறக்குறைய 400 லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர் குடத்தில் இருபத்தாறு குடம். ஒரு குடம் தண்ணீரை மூன்று நாள் வைத்துப் புழங்கிய கோடைகளை நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது.

வந்த பிளம்பர் மூடியைத் திறந்து, அடியிலிருந்து வட்டமான ஒரு ரப்பரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் விறைத்து, ஓரிடத்தில் நகம் பதிந்ததுபோல் பள்ளம் விழுந்திருந்தது. "டீச்சர், இதுக்கா இத்தனை நாள் காத்திருந்தீங்க? இதை நீங்களே மாத்திடலாமே" என்றார். புது ரப்பரின் விலை முப்பது ரூபாய். அதை மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பழைய ரப்பரை இன்றும் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஏறக்குறைய இருபது வீட்டுத் தொட்டிகளின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறேன். அவற்றில் பிளம்பர் வந்தே தீர வேண்டிய பழுதுகள் மூன்றோ நான்கோதான்.

மூடியைத் திறக்கப் பலரும் தயங்குவது உள்ளே ஏதோ நுட்பமான இயந்திரம் இருப்பதாக எண்ணித்தான். உள்ளே இருப்பவை இரண்டே உறுப்புகள். ஒன்று நீரை உள்ளே விடுவது. மிதவையோடு சேர்ந்த பால் வால்வு. மற்றொன்று நீரை வெளியே விடுவது. நடுவில் நிற்கும் ஃப்ளஷ் வால்வு, பழைய தொட்டிகளில் சைஃபன் என்னும் வளைகுழாய். நீர் அளவு மீறினால் வழிந்து கோப்பைக்குள் போவதற்கு நடுவிலேயே ஒரு குழாய் திறந்த வாயோடு நிற்கும். தொட்டியில் இருப்பது குழாயில் வருகிற அதே நல்ல தண்ணீர்தான். கை வைக்க அருவருப்புக் கொள்ள வேண்டியதில்லை. வெஸ்டர்ன் கமோடானாலும் சுவரில் தொட்டி மாட்டிய இந்தியன் கோப்பையானாலும் இந்த அமைப்பு ஒன்றே.

பழுது தொட்டியிலா, கோப்பையிலா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு வாளியில் ஆறு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் எடுத்து, இடுப்புயரத்திலிருந்து ஒரே வீச்சில் கோப்பைக்குள் ஊற்றிப் பார்க்க வேண்டும். கோப்பை சுத்தமாக இறங்கினால் கோப்பைக்கும் அதற்கு அப்பாலுள்ள குழாய்க்கும் ஒரு குறையும் இல்லை, தொட்டியைத்தான் பார்க்க வேண்டும். நீர் மேலே ஏறி நின்று மெல்ல வடிந்தால் தொட்டியைப் பிரிப்பது வீண் வேலை. இந்தச் சோதனையைச் செய்யாமல் நல்ல நிலையில் இருந்த தொட்டியை மாற்றிப் புதுத் தொட்டி வைத்த பின்னும் அடைப்போடு அவதிப்பட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

தொட்டியின் அடி ரப்பர் கசிகிறதா என்று கண்டுபிடிக்க, வேட்டிக்கும் சட்டைக்கும் போடுகிற சொட்டு நீலம் போதும். தொட்டி நீரில் பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுவிட வேண்டும். கோப்பையின் வெள்ளைப் பீங்கானில் மெல்லிய நீல இழை ஒன்று பின்பக்கத்திலிருந்து இறங்கினால், கசிவு உண்டு. அப்படி இறங்கியதைக் கண்டால், ஆங்கிள் வால்வை மூடி, ஃப்ளஷ் செய்து தொட்டியைக் காலியாக்கி, நடுவில் நிற்கும் ஃப்ளஷ் வால்வைத் திருகிக் கழற்றி ரப்பரை எடுத்துப் பார்க்கலாம். சில சமயம் ரப்பரில் குறை ஏதும் இருக்காது; அது உட்காரும் வாயில் மண்ணும் வழவழப்பும் படிந்திருக்கும். பழைய துணியால் துடைத்தாலே கசிவு நிற்கும். ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் நன்றாக இருந்தால் திருப்பிப் போட்டுச் சில மாதங்கள் ஓட்டலாம். புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்வது மிக முக்கியம்; அளவு ஒரு நூல் மாறினாலும் உட்காராது, மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டியதாகும். பொத்தான் அழுத்தும் தொட்டிகளில் இன்னொரு குறையும் காண்கிறேன். பொத்தானுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள தண்டு கொஞ்சம் நீளமாக இருந்துவிட்டால், மூடியை வைத்ததும் அது வால்வை அழுத்திக்கொண்டே இருக்கும். மூடியைக் கழற்றினால் கசிவு நிற்கும், வைத்தால் தொடங்கும். தண்டைத் திருகிக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும்.

பால் வால்வு நீரை நிறுத்தாததுதான் இரண்டாவது வகைப் பழுது. நீர்மட்டம் வழிகுழாயின் வாய்க்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். அதைத் தொட்டு வழிந்துகொண்டிருந்தால், பித்தளைத் தண்டும் பந்தும் உள்ள பழைய வால்வில் தண்டை இரு கையாலும் பிடித்துப் பந்து கொஞ்சம் தாழும்படி வளைக்கலாம். பிளாஸ்டிக் வால்வில் மிதவையை இறக்கி வைக்க ஒரு திருகாணி இருக்கும். பந்தைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் பந்து ஓட்டை, மாற்ற வேண்டியதுதான். மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தும் நீர் வருவது நிற்கவில்லை என்றால் வால்வுக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது.

சமவெளியில் வீடு உள்ளவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நம் மலைக்கு உண்டு. எங்கள் சரிவில் பதினான்கு வீடுகள். நீர் வருகிற தொட்டி மேட்டில் இருக்கிறது. முதல் வீட்டில் ஃப்ளஷ் தொட்டி நிரம்புவதற்குள் காலை அவசரத்தில் சண்டையே வந்துவிடும். கடைசி வீட்டிலோ பால் வால்வு வாஷர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிழிந்தது, தொட்டி நிரம்பி நிற்கும் நொடியில் குழாய் 'டங்' என்று சுவரில் மோதியது. இரண்டு வீட்டாரும் ஒரே கடையில், ஒரே வகை வால்வு வாங்கி மாட்டியிருந்தார்கள். மேலிருந்து கீழே போகும் படிகளை நான் எண்ணினேன். கடைசி வீட்டுக்கு 212 படி, படி ஒன்றுக்கு ஏழு அங்குலம். ஆக ஏறக்குறைய 38 மீட்டர். நிற்கும் நீருக்குப் பத்து மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் கூடும் என்பது பள்ளிப் பாடம். அந்த வீட்டு வாஷர் இரவெல்லாம் கிட்டத்தட்ட நான்கு கிலோ அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. முதல் வீட்டிலோ கால் கிலோகூட இல்லை.

ஆங்கிள் வால்வைப் பாதி மூடினால் இது தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பாதி மூடினால் நீர் வரும் வேகம் குறையும், 'டங்' என்ற மோதல் நிற்கும், அது நல்லதே. ஆனால் தொட்டி நிரம்பி நீர் அசையாமல் நிற்கும்போது வாஷரின்மேல் விழும் அழுத்தம் அதே நான்கு கிலோதான், அதில் மாற்றமே இராது. பால் வால்விலேயே அதிக அழுத்தத்துக்கு ஒன்று, குறைந்த அழுத்தத்துக்கு ஒன்று என்று இருவகை உண்டு. அதிக அழுத்தத்துக்கானதில் நீர் வரும் துளை சிறியது. மிதவையால் அதை எளிதில் அடைக்க முடியும். குறைந்த அழுத்தத்துக்கானதில் துளை பெரியது. மெல்ல வரும் நீரும் தாராளமாக இறங்கும். மேட்டு வீட்டுக்கும் பள்ளத்து வீட்டுக்கும் ஒரே வால்வு பொருந்தாது. கடையில் "ஹை பிரஷரா, லோ பிரஷரா" என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் கையில் கிடைப்பதைத்தான் தருவார்கள். தெருக்குழாயின் நீரை நேரே ஃப்ளஷ் தொட்டிக்கு இணைக்காமல் கூரைமேல் ஒரு சின்னத் தொட்டியில் விட்டு அங்கிருந்து இறக்கிக்கொண்டால் மலையளவு அழுத்தம் அந்தத் தொட்டியோடு முடிந்துவிடும்; கடைசி வீட்டார் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதன்பின் ஒன்றரை ஆண்டாக வாஷர் கிழியவே இல்லை.

முதல் வீட்டின் கதை வேறு. அழுத்தம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் மேலே ஒரு காரணம் இருந்தது. பால் வால்வு குழாயோடு சேரும் இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும்; பலருக்கு அது இருப்பதே தெரியாது. கழற்றியபோது செம்மண்ணும், நூல்போன்ற பாசியும், கற்பூர மர இலையின் ஒரு துணுக்கும் அதில் அப்பிக்கொண்டிருந்தன. கோவைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு படிந்து வால்வு இறுகும் என்பார்கள். நம் ஓடை நீர் மென்மையானது, அவ்வளவாக உப்பு கட்டாது. ஆனால் மழைக்குப் பின் கலங்கி, மண்ணைச் சுமந்துகொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் இந்தச் சல்லடையை ஒரு முறை கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் தொட்டி மறுபடி ஒழுங்காக நிரம்பும். முதல் வீட்டில் இருபது நிமிடம் பிடித்தது ஏழு நிமிடமாகக் குறைந்தது. சுத்தம் செய்யத் தொல்லையாக இருக்கிறது என்று சல்லடையையே எடுத்து எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அந்த மண் நேரே வாஷருக்கடியில் போய் உட்காரும்.

தொட்டி நிரம்பியும் ஃப்ளஷ் வலுவில்லாமல் வந்தால், கோப்பையின் விளிம்புக்கு அடியில் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். வரிசையாக உள்ள துளைகளில் பாதி அடைந்திருக்கும். வளைத்த கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டால் போதும். நீர் மிச்சம் பிடிப்பதற்காகத் தொட்டிக்குள் கல் நிரப்பிய பாட்டிலை வைப்பது பழைய பத்து லிட்டர் தொட்டிகளுக்குச் சரி. செங்கல் வைக்கவே கூடாது, கரைந்து வால்வில் போய் அடைக்கும். மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரண்டு பொத்தான் வைத்து இப்போது வரும் தொட்டிகளில் பாட்டில் வைத்தால், ஒரு முறை போக வேண்டியது இரண்டு முறை அழுத்தியும் போகாது. சேமிப்புக்குப் பதில் செலவுதான். பழைய பங்களாக்களில் சங்கிலி இழுக்கும் இரும்புத் தொட்டிகள் இன்றும் சில இடங்களில் வேலை செய்கின்றன. அவற்றைத் தூக்கி எறிவதற்கு முன் அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

குளிர் மாதங்களில் என்னைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் சொல்வது, "தொட்டிக்கு அடியில தரை ஈரமாவே இருக்கு, தொட்டி விரிஞ்சிருச்சு போல" என்பது. விரிசல் இருப்பது அபூர்வம். டிசம்பர், ஜனவரியில் தொட்டியில் நிற்கும் நீர் கை வைக்க முடியாத குளிர்ச்சியில் இருக்கிறது. அதே சிறு அறையில் கீசரைப் போட்டுக் குளித்தால் ஆவி முழுவதும் அந்தக் குளிர்ந்த பீங்கானில் படிந்து சொட்டுகிறது. இங்கேயும் சொட்டு நீலமே தீர்ப்புச் சொல்லும். தொட்டி நீரை நீலமாக்கிவிட்டு வெளிப்புறத்தை உலரத் துடைத்து, அடியில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். துணி நீலமானால் ஒழுகல். வெறும் ஈரமானால் வியர்வை. வியர்வைக்கு மருந்து குளித்தபின் சன்னலைத் திறந்து வைப்பதுதான். இதற்காக நல்ல தொட்டியை மாற்றச் சொல்லிப் பணம் வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

இனி கோப்பை அடைப்பு. கோப்பைக்குக் கீழே குழாய் வளைந்து எப்போதும் கொஞ்சம் நீரைத் தேக்கி வைத்திருக்கிறது. செப்டிக் டேங்கின் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த நீர்தான். அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி 1775இல் லண்டனில் இந்த வளைவுக்குக் காப்புரிமை பெற்றார்; இன்றும் நம் வீட்டுக் கோப்பை அந்த யோசனையில்தான் இயங்குகிறது. அடைப்பு பெரும்பாலும் இந்த வளைவில்தான் விழும். ரப்பர் கிண்ணம் பொருத்திய கைப்பிடி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கிண்ணம் மூழ்கும் அளவுக்கு நீர் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, முதலில் மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு வாய் பிசகாமல் பதினைந்து, இருபது முறை வேகமாக அழுத்தி இழுக்க வேண்டும். அடைப்பை நகர்த்துவது தள்ளுவதைவிட இழுப்புதான். அதற்கும் இறங்காவிட்டால் சோப்புத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரை ஊற்றி இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி முயலலாம். கொதிக்கிற நீரை ஊற்றவே கூடாது. நம் ஊர்க் குளிரில் இருக்கும் பீங்கான் சட்டென்று விரிசல் விட்டுவிடும்.

ஆசிட்டைப் பற்றி மிகுந்த கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அடைப்புக்கு ஆசிட் ஊற்றி, போகவில்லை என்று அதன்மேலேயே பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். சன்னல் சாத்திய மலைக் கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து. எங்கள் தெருவில் ஒரு தங்கை இப்படிச் செய்துவிட்டு மூச்சுத் திணறி வாசலில் வந்து விழுந்ததை நேரில் பார்த்தேன், தெய்வாதீனமாகப் பிழைத்தாள். ஆசிட் செப்டிக் டேங்குக்குப் போனால் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுகிறது. இங்குள்ள குளிரில் அவை ஏற்கெனவே மெல்லத்தான் வேலை செய்கின்றன.

கோப்பையில் போடக் கூடாதவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்புத்தாள், தலைமுடி, தேயிலைச் சக்கை எதுவும் போகக் கூடாது. ஈரத் துடைப்புத்தாள் நீரில் கரையும் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். மலர்க் கண்காட்சிக் காலத்தில் வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறவர்கள் கழிப்பறையில் மூடியுள்ள ஒரு குப்பைக் கூடை வைத்து, மேலே இரண்டு வரி எழுதி ஒட்டினால் மே மாத அடைப்புகளில் பெரும்பகுதி குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

நீர் இறங்கும்போது 'களக் களக்' என்று ஓசை வந்து, பக்கத்துக் குளியலறை வடிகால் குமிழியிட்டால் கோப்பையைக் குற்றம் சொல்ல வேண்டாம். கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாயைப் பாருங்கள். சில்வர் ஓக் சருகு, குருவிக்கூடு, மழை இறங்கும் என்று யாரோ கட்டி வைத்த தார்ப்பாய்த் துண்டு, இவற்றில் ஒன்று அதன் வாயை அடைத்திருக்கும். காற்று உள்ளே வராவிட்டால் நீர் தடையின்றி இறங்காது. வாயில் கம்பி வலை ஒன்று கட்டி வைப்பது போதுமானது. ஈரக் கூரையில் ஏறத் தெரியாதவர்கள் ஏறாதீர்கள். அந்த வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டின் எல்லா வடிகால்களும் ஒரே நேரத்தில் மந்தமானால் பழுது வெளியே இருக்கிறது என்று பொருள். தொடர்மழையில் நம் சரிவு நிலம் நீரூறிப் போனால் உறிஞ்சுகுழி எதையும் உறிஞ்சாது. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்ததும் தானே சரியாவதும் உண்டு. அப்படிச் சரியாகாவிட்டால் செப்டிக் டேங்க் நிறைந்திருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இயந்திர வண்டியை வைத்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. நாமோ பொங்கி வரும்வரை நினைப்பதில்லை. வண்டி வர முடியாத படிக்கட்டுத் தெருக்களில் நீளமான குழாய் கேட்டு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் ஓர் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், திறந்த டேங்கில் நிற்கும் நச்சுவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும் என்பதையும், காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே இறந்த செய்திகளையும் நாம் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? ஃப்ளஷ் தொட்டியில் நானே கை வைக்கிறேன், பிறரையும் வைக்கச் சொல்கிறேன். செப்டிக் டேங்கின் மூடியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

சென்ற மாதம் கொழுந்து பறிக்கப் போகும் பக்கத்து வீட்டுப் பெண் வேலை முடிந்து வரும் வழியில் என் வாசலில் நின்று, "டீச்சரம்மா, நீங்க சொன்ன மாதிரி நீலம் ஊத்திப் பார்த்தேன், இறங்குது. ரப்பரை எப்படிக் கழட்டுறது, ஒரு தடவை காட்டிக் குடுங்க" என்றாள். அவள் வீட்டுக்குப் போய் ஆங்கிள் வால்வை மூடச் சொல்லிவிட்டு நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். ஒன்றும் தொடவில்லை. அவளே ஃப்ளஷ் வால்வைத் திருகிக் கழற்றினாள், ரப்பரைத் துடைத்துத் திருப்பிப் போட்டாள், நீர் நிரம்பும்வரை கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே மறுபடி நீலம் ஊற்றினாள். அரை மணி நேரம் தேநீர் குடித்துக்கொண்டே இருவரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அன்று மாலையே அவள் தன் அம்மா வீட்டுத் தொட்டியைப் பார்க்க வண்டிச்சோலைக்குக் கிளம்பிவிட்டாள்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஆண்டுதோறும் மாசி மாதத்தில், கோடைக்கு முன், வாளிச் சோதனை, சொட்டு நீலச் சோதனை, பென்சில் கோடு ஆகிய மூன்றையும் தங்கள் நீலகிரிப் பக்கத்தில் படத்தோடு ஒரு மூலையில் வெளியிட வேண்டும். கத்தரித்துக் கழிப்பறைச் சுவரில் ஒட்டிவைக்கும் அளவில் இருந்தால் மிக நன்று. உள்ளாட்சி அமைப்புகள் குடிநீர்க் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் இதையே அச்சிட்டுத் தரலாம் என்ற என் வேண்டுகோளையும் தங்கள் வழியாக அவர்கள் பார்வைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மார்க்கெட்டில் உள்ள ஹார்டுவேர் கடைக்காரர்கள், கேட்பவர் வீடு மேட்டிலா பள்ளத்திலா என்று ஒரு வார்த்தை விசாரித்துப் பால் வால்வு கொடுப்பார்களானால், பள்ளத்து வீடுகளில் வாஷர் இவ்வளவு சீக்கிரம் கிழியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
குன்னூர்.